திறப்பதும் அடைப்பதும்

தாராவியின் சந்துகளில் விடியற்காலை நான்கு மணிக்கு நடந்து பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாயிருக்கும். நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறிய நம் மக்கள் அடுப்பை மூட்டி, இட்லிக் கொப்பரையை ஏற்றி, ஆவிக்கும் வியர்வைக்கும் நடுவே நின்றுகொண்டிருப்பார்கள். ஏழு மணிக்குச் சயானிலும் மாட்டுங்காவிலும் அலுவலகம் போகும் ஒருவர் மிதிவண்டிக்காரரை நிறுத்துகிறார். நான்கு இட்லி வாங்கித் தின்கிறார். காசைக் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறார். அவரைப் பொறுத்தவரை அந்த இட்லி ஏழு மணிக்குப் பிறந்தது. முந்தின நாள் மாலையே அரிசி ஊறியதையும், இரவில் மாவு அரைபட்டதையும், நான்கு மணிக்கு ஒரு தாய் எழுந்ததையும் அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை.

ஏழு மணி இட்லிக்கு நான்கு மணிக்கே அடுப்பு எரிய வேண்டும். இந்த எளிய உண்மை நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் கல்வி நிலையங்களுக்கு மட்டும் இது ஏனோ தெரியவில்லை. கணிப்பொறிக் கூடத்தின் வாயிலில் “காலை 9 முதல் மாலை 6 வரை” என்று பலகை எழுதி மாட்டுகிறார்கள். அந்தக் கூடத்தைத் திறந்து அடைக்கும் ஊழியரின் வேலை நேரமும் காலை 9 முதல் மாலை 6 வரை என்றே எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா? முடியாது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நண்பர்களே! “கணிப்பொறிக் கூடத்தைத் திறப்பது, மூடுவது — இதுவும் ஒரு பொருளா, இதற்கும் ஒரு கட்டுரையா?” என்று சிலர் நகைக்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சாவியைத் திருப்பினால் திறந்தது. மறுபடி திருப்பினால் அடைந்தது. இதில் என்ன இருக்கிறது என்று எண்ணினேன். அந்த எண்ணத்துக்கு நானும் விலை கொடுத்தேன். என்னால் வேறொருவரும் விலை கொடுத்தார். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த வேலை இன்னதென்று பார்ப்போம்.

சாவிப் பதிவேட்டில் கையெழுத்திட்டுக் கதவைத் திறந்தவுடன் முதலில் வேலை செய்ய வேண்டியது மூக்கு. இரவில் ஏதேனும் கருகிய வாடை அடிக்கிறதா? அடுத்தது கண். கூரையில் ஒழுகல் உண்டா? தரையில் ஈரம் உண்டா? எலி கடித்த கம்பி எங்கேனும் தொங்குகிறதா? மும்பையில் எலிக்கு இல்லாத கதவு ஏது! இவற்றைப் பார்த்த பிறகே விசைப்பலகையில் கை வைக்க வேண்டும். முதலில் குளிர்சாதனம், பிறகு யூ.பி.எஸ்.; அதன் பின் வலைப்பின்னல் கருவிகள்; அதன் பின் சர்வர். சர்வர் விழித்தெழுந்த பிறகுதான் மாணவர்களின் பொறிகள். முப்பது பொறிகளையும் ஒரே விசையில் முடுக்கினால், முதல் கணத்தில் பாயும் மின்னோட்டத்தைத் தாங்காமல் எம்.சி.பி. விழுந்துவிடும். ஆகவே வரிசை வரிசையாக முடுக்க வேண்டும். ஒவ்வொரு பொறியும் வலைப்பின்னலில் சேர்ந்ததா, விசைப்பலகையும் சுட்டியும் இருந்த இடத்தில் இருக்கின்றனவா, அச்சுப்பொறியில் தாள் உண்டா, நேற்றுப் பழுதென்று எழுதிய பொறி இன்றும் பழுதா என்று பார்க்க வேண்டும். நிதானமாகச் செய்தால் அரை மணி நேரம் ஆகும்.

மாலை வேலை இதைவிடக் கடினமானது. காலையில் பொறிகளோடு மட்டுமே வேலை. மாலையில் மனிதர்களோடும் வேலை. வேலையை முடிக்கச் சொல்லி மாணவர்களை எச்சரிக்க வேண்டும். சேமித்தார்களா என்று கேட்க வேண்டும். எழுந்து போனவர் தம் கணக்கை மூடாமல் போயிருந்தால் அதை மூட வேண்டும். மேசையில் கிடக்கும் பென் டிரைவை எடுத்து, பொறியின் எண்ணையும் நேரத்தையும் குறித்து வைக்க வேண்டும். பொறிகளை முறைப்படி நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் மின்சாரத்தை அறுத்தால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாழாகும். குளிர்சாதனம் ஓடிய கூடத்தில் சாளரங்களைத் திறந்துபோட்டுப் போகக்கூடாது. குளிர்ந்த பொறியின்மேல் மும்பையின் ஈரக் காற்றுப் பட்டால் உள்ளே நீர் கோக்கும். மழைக்காலத்தில் சாளரத் தாழ்ப்பாளை இரண்டு முறை பார்க்க வேண்டும். யாரேனும் மின்னேற்றியை மாட்டியபடி விட்டுப் போனார்களா என்று பார்க்க வேண்டும். மூலை முடுக்கெல்லாம் சென்று உள்ளே ஒருவரும் இல்லை என்று உறுதி செய்த பிறகே பூட்ட வேண்டும். காதில் கருவியை மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில் தலை கவிழ்ந்திருந்த மாணவர் பூட்டிய அறைக்குள் அகப்பட்டால் அதை வேடிக்கை என்று சொல்ல முடியாது.

இவ்வளவும் செய்பவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? “சாவிக்காரர்!”

இனி, இந்தக் கூடம் யாருக்கு வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். “இப்போது எல்லாரிடமும் மடிக்கணினி இருக்கிறதே, கூடம் எதற்கு?” என்று வகுப்பில் ஒரு நண்பர் கேட்டார். அவர் வீட்டில் அவருக்கென்று ஓர் அறை உண்டு. அறையில் ஒரு மேசை உண்டு. அவர்மீது எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் எல்லாரிடமும் என்ற சொல்லுக்குள் தாராவி அடங்கவில்லை. 2 சதுர கிலோமீட்டருக்குச் சிறிது மிகுந்த பரப்பில் பல இலட்சம் மக்கள் வாழும் இடம் அது. என் வீடு பத்தடிக்குப் பதினைந்தடி. அதற்குள் ஐந்து பேர், ஒரு தையல் எந்திரம், ஒரு தொலைக்காட்சி. தங்கை பாடம் ஒப்பிப்பாள். அப்பா இரவு வேலைக்காகப் பகலில் உறங்குவார். கைப்பேசியில் படிக்கலாம், உண்மைதான். ஐம்பது பக்க ஆய்வேட்டைக் கைப்பேசியில் எழுதிப் பார்த்தவர்கள் சொல்லட்டும், அது எப்படிப்பட்ட படிப்பென்று!

எனக்கும் என்னைப் போன்ற பலருக்கும் கணிப்பொறிக் கூடந்தான் படிப்பறை. அங்கே ஒரு நாற்காலி உண்டு; தலைக்கு மேல் காற்று உண்டு; எல்லாவற்றிலும் மேலாக அமைதி உண்டு. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடியபோது, வீட்டில் அறை உள்ளவர்களுக்குக் கல்லூரி வீட்டுக்கு வந்தது. அறை இல்லாதவர்களுக்குக் கல்லூரி காணாமற்போனது. ஆகவே ஒரு கூடம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்கு அடைகிறது என்பது சிலருக்குச் சிறு செய்தி. சிலருக்கு அதுவே கல்வியின் அளவு.

இப்போது என் கதை. இளங்கலை மூன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு இணையவழியில் விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள். மாலை ஆறு மணி வரை கெடு. சான்றிதழ்களைத் திரட்டுவதில் பகல் போய்விட்டது. ஐந்து மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்தேன். பலகையில் ஆறு மணி வரை என்று எழுதியிருந்தது. ஐந்து மணி முப்பத்தைந்து நிமிடத்துக்கு ஊழியர் எழுந்து, “மூடுகிறேன்” என்றார். நாங்கள் அவரைக் காகா என்று அழைப்போம். மராத்தியில் அது சிற்றப்பாவுக்குரிய சொல். “காகா, இன்னும் இருபது நிமிடம்” என்று கெஞ்சினேன். “முடியாது பேட்டா” என்றார். நான் எழவில்லை. அவர் ஒவ்வொரு வரிசையாக நிறுத்திக்கொண்டு வந்தார். என் வரிசையும் நின்றது. பாதி நிரப்பிய விண்ணப்பம் திரையோடு மறைந்தது.

ஓடினேன். சயானில் ஓர் இணைய மையத்தில் இடம் பிடித்து மீண்டும் தொடங்குவதற்குள் ஆறு அடித்துவிட்டது. அந்த ஆண்டு என் கட்டணத்துக்காக அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. மறுநாள் நான் செய்த முதல் வேலை, முதல்வருக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதியது. அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்து இணைத்தேன். நேரத்தைக் குறிப்பிட்டேன். என் கடிதத்தில் ஒரு பொய்யும் இல்லை. காகாவை அழைத்து மாணவர்கள் முன்னிலையிலேயே கடிந்துகொண்டார்கள். இரண்டு நாள் ஊதியமும் பிடித்தார்கள். நீதி கிடைத்தது என்று நான் மகிழ்ந்தேன்.

ஒரு வாரம் கழித்து மாடிப்படியில் அவரைக் கண்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகப் பார்த்தேன். அவரே நிறுத்தினார். கோபம் இல்லாமல் சொன்னார்: “பேட்டா, ஆறு மணிக்குக் கீழே அலுவலகத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு அடித்தால் அந்தப் புத்தகம் அலமாரிக்குள் போய்விடும். கையெழுத்து இல்லையென்றால் ஒப்பந்தக்காரன் அரை நாள் கூலியை வெட்டுவான். முப்பது பொறியை நிறுத்தி, சாளரம் சாத்தி, பூட்டிவிட்டுக் கீழே வர எனக்கு இருபத்தைந்து நிமிடம் வேண்டும். நீ கணக்குப் படிக்கிற பிள்ளை. நீயே கழித்துப் பார்.”

கழித்துப் பார்த்தேன். ஆறு மணியில் இருபத்தைந்து நிமிடம் போனால் ஐந்து முப்பத்தைந்து.

“காலையில் எத்தனை மணிக்கு வருகிறீர்கள், காகா?” என்று கேட்டேன். “எட்டரைக்கு. ஒன்பதுக்குத்தான் கூலி தொடங்கும். ஆனால் ஒன்பதுக்கு வந்தால் ஒன்பதரைக்குத்தானே பொறிகள் தயாராகும்? பிள்ளைகள் வாசலில் நிற்பார்களே!” என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கணக்கைத் தாளில் எழுதினேன். காலையில் அரை மணி, மாதத்துக்கு 25 வேலை நாள், ஆக 12.5 மணி நேரம் அவர் கூலியின்றி உழைக்கிறார். மாலையில் 25 நிமிடம்; முப்பது இருக்கைகள்; ஆக நாள் ஒன்றுக்கு 12.5 மணி இருக்கை நேரம் மாணவர்களுக்கு இல்லாமற்போகிறது. காலையில் போவது தொழிலாளியின் கையிலிருந்து. மாலையில் போவது மாணவரின் கையிலிருந்து. எடுத்தவர் யார்? பலகையில் ஓர் எண்ணையும் பதிவேட்டில் அதே எண்ணையும் எழுதிவிட்டு, நடுவில் உள்ள வேலையை எண்ணாமல் விட்டவர். அவர்மீது நான் ஒரு வரியும் எழுதவில்லை. என் கடிதம் முழுவதும் காகாவின்மீது. அந்தக் கடிதத்தை நான் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். வெட்கத்தால் பெறவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

பின்னர் மாணவ உதவியாளனாக ஒரு பருவம் அதே கூடத்தில் வேலை பார்த்தேன். அப்போதுதான், மேலே எழுதிய ஒவ்வொரு வேலையையும் என் கையால் செய்து கற்றேன். மூடாமல் விட்டுப்போன கணக்குகள் எத்தனை! ஒருவரின் ஆதார் நகல் திரையிலேயே கிடக்கும். ஒரு மாணவியின் வங்கிக் கணக்கு எண் திறந்த தாளில் கிடக்கும். அடுத்து உட்காருபவர் நல்லவராக இருந்தால் பிழைத்தோம், இல்லாவிட்டால்? அதைத் தடுத்து நிற்பது பெரிய சட்டமன்று. மாலை ஆறு மணிக்கு வரிசை வரிசையாக நடந்து பார்க்கும் ஒரு மனிதர்.

கணிப்பொறியின் வரலாற்றைப் புரட்டினாலும் இந்த மனிதரைக் காணலாம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் பொறி 1949-ஆம் ஆண்டு மே மாதம் இயங்கத் தொடங்கியது. ஆய்வாளர்கள் தங்கள் கணக்கைத் துளையிட்ட காகித நாடாவாகக் கொண்டுவந்து, துணி உலர்த்துவது போல ஒரு கயிற்றில் தொங்கவிடுவார்கள். பகலில் பொறியை நடத்தும் ஊழியர்கள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டுவார்கள். அலுவலக நேரம் முடிந்த பின் அனுமதி பெற்ற சிலர் மட்டும் தாங்களே ஓட்டலாம்; ஒரு வால்வு பழுதாகி நிற்கும் வரை இரவெல்லாம் ஓடும். பல்கலைக்கழகக் கணிப்பொறிக் கூடம் பிறந்தபோதே, யார் எப்போது பயன்படுத்தலாம், பொறுப்பில் யார் இருப்பது என்ற வரையறையும் உடன் பிறந்துவிட்டது என்பதை இதிலிருந்து அறியலாம்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் மும்பையிலேயே, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், 1950-களில் ஒரு கணிப்பொறி உருவானது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்தவர். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் படித்தவர். 1960-இல் பொறி பணிக்கு வந்தது. 1962-இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். அதில் 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மானியம் டயோடுகள், 12,500 மின்தடைகள் இருந்தன. வால்வு என்பது விளக்கைப் போல் சுடும் பொருள்; சூடேறும்போதும் ஆறும்போதுமே பெரும்பாலும் பழுதாகும். ஆகவே வால்வுப் பொறிகளைப் பொறுத்தவரை, முடுக்குவதும் நிறுத்துவதுமே ஆபத்தான வேளைகள். நரசிம்மன் பெயரை நாம் பெருமையோடு சொல்கிறோம்; சொல்ல வேண்டும். ஆனால் அத்தகைய பொறிகளைக் காலையில் சூடேற்றி, சோதித்து, மாலையில் காத்து நின்றவர்களின் பெயர்களை எந்த வரலாற்றில் தேடுவது?

“ஆயத்த நேரத்துக்கும் கூலியா? உலகில் எங்கே உண்டு?” என்று நிர்வாகத்தார் கேட்கலாம். இந்தக் கேள்வி எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நாட்டின் உச்சநீதிமன்றத்தில் எழுந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மவுண்ட் கிளெமன்ஸ் என்னும் ஊரில் ஒரு மட்பாண்ட ஆலை. நம் தாராவியின் கும்பார்வாடாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது பெரிய ஆலை. வேலை தொடங்குமுன் தொழிலாளர்கள் தங்கள் மேசைக்கு நடந்து சென்று, மேலாடை கட்டி, விளக்குக்கும் எந்திரத்துக்கும் விசையைத் தட்டி, சாளரங்களைத் திறந்து வைக்க வேண்டும். இதற்குக் கூலி இல்லை. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 1946-இல், இவையும் வேலையே, இந்த நேரமும் கணக்கில் வர வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. முதலாளிகள் அலறினார்கள், மறு ஆண்டே ஒரு சட்டம் வந்து அந்த உரிமையைச் சுருக்கியது. ஆயினும் 1956-இல் அதே நீதிமன்றம், முக்கிய வேலையோடு பிரிக்க முடியாதபடி இணைந்த ஆயத்த வேலை வேலையே என்று மீண்டும் உறுதி செய்தது. விசையைத் தட்டுவதும் சாளரத்தைத் திறப்பதும் வேலையா என்று அன்று கேட்டார்கள். இன்று நம் கூடத்து வாயிலிலும் அதே கேள்விதான் நிற்கிறது.

“மனிதர் எதற்கு? பொறிகளை நேரம் குறித்துத் தாமே எழவும் தாமே நிற்கவும் செய்யலாமே” என்பது இன்னொரு வாதம். செய்யலாம், செய்யவும் வேண்டும். வரிசை வரிசையாக விசை தட்டும் உழைப்பு அதனால் குறையும். ஆனால் தானாக நிற்கும் பொறிக்கு, ஒரு மாணவி கடைசிப் பக்கத்தில் இருக்கிறாள் என்பது தெரியாது. கூரை ஒழுகுவது தெரியாது. கருகிய வாடை தெரியாது. 2005 ஜூலை 26-ஆம் நாளை நம் பெற்றோர் இன்னும் மறக்கவில்லை. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு கரை புரண்டது. தாராவியும் குர்லாவும் கலினாவும் நீரில் நின்றன. அப்படிப்பட்ட நாளில் தரையில் இருக்கும் யூ.பி.எஸ்ஸையும் பொறிகளையும் மேசைமேல் தூக்கி வைப்பது எந்த நிரல்? 2020 அக்டோபர் 12 அன்று மும்பைப் பெருநகரில் மின்சாரம் அறுந்தது. மின்ரயில்கள் நின்றன, அன்றைய பல்கலைக்கழகத் தேர்வுகளும் தள்ளிப்போயின. யூ.பி.எஸ். தாங்கும் அந்தச் சில நிமிடங்களில் “சேமியுங்கள், சேமியுங்கள்” என்று குரல் கொடுப்பதற்கு ஒரு தொண்டை வேண்டும் அல்லவா?

“பணம் எங்கே?” என்பது மூன்றாவது வாதம். நாள் ஒன்றுக்கு ஓர் ஊழியருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கூலி. முப்பது பொறிகள், குளிர்சாதனம், யூ.பி.எஸ்., மென்பொருள் உரிமம் என்று இலட்சக்கணக்கில் செலவிட்ட கூடம் அது. பலகையில் எழுதிய நேரம் முழுவதும் அது பயன்பட வேண்டுமானால், இந்த ஒரு மணி நேரக் கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும். குதிரை வாங்கப் பணம் இருந்ததாம். கொள் வாங்கப் பணம் இல்லையாம்!

ஆகவே நான் கேட்பவை இவை.

முதலாவது, இரண்டு நேரங்களைத் தனித்தனியே எழுத வேண்டும். மாணவர் பயன்படுத்தும் நேரம் ஒன்று. ஊழியர் பணி நேரம் மற்றொன்று. முன்னே அரை மணி, பின்னே அரை மணி. அந்த ஒரு மணிக்கும் ஊதியம் உண்டு. நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர், மாணவ உதவியாளர் என்ற வேறுபாடு இதில் கூடாது. கையெழுத்துப் புத்தகம் அலமாரிக்குள் போகும் நேரமும் அதற்கேற்ப மாற வேண்டும்.

இரண்டாவது, திறக்கும் முறையும் அடைக்கும் முறையும் ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்ட வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிப் பயனில்லை. ஊழியர் படிக்கும் மராத்தியிலும் இந்தியிலும் வேண்டும். பக்கத்திலேயே ஒரு பழுதுப் புத்தகம். எந்தப் பொறி, என்ன பழுது, என்று எழுதியது, என்று தீர்ந்தது. வாரம் ஒருமுறை பொறுப்பாசிரியர் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பார்க்காத புத்தகத்தில் எழுதும் கை விரைவில் ஓய்ந்துவிடும்.

மூன்றாவது, மூடும் முன் மூன்று எச்சரிக்கை. அரை மணி முன்னால் ஒன்று. பத்து நிமிடம் முன்னால் ஒன்று. இரண்டு நிமிடம் முன்னால் ஒன்று. கோவிலில் நடை சாத்தும் முன் மணி அடிக்கிறார்கள்; தொழ வந்தவர் திடுக்கிடுவதில்லை. அந்த மரியாதை படிக்க வந்தவருக்கும் வேண்டும்.

நான்காவது, தேர்வுக் காலத்திலும் விண்ணப்பக் கெடு நாட்களிலும் கூடம் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்க வேண்டும். அதற்கு இரண்டாவது ஊழியர் வேண்டும். காலையில் வந்தவரையே நீட்டி இழுக்கக்கூடாது. இரவில் மூடும்போது ஊழியரோ மாணவியோ தனியே விடப்படாமல், காவலர் ஒருவர் உடனிருந்து வாயில் வரை அனுப்ப வேண்டும்.

இவை நிர்வாகம் செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியவை இல்லையா? உண்டு. அன்று நான் ஐந்து மணிக்கு வந்ததும் ஒரு குற்றமே. கெடு நாளில் கடைசி மணியை நம்பியவன் நான். எழுவதற்கு முன் கணக்கை மூட வேண்டியது நம் கை. நாற்காலியை உள்ளே தள்ள வேண்டியதும், தேநீர்க் கோப்பையைப் பொறியருகே வைக்காதிருக்க வேண்டியதும் நம் கை. “இன்னும் ஐந்தே நிமிடம்” என்று முப்பது பேரும் சொன்னால், அந்த ஐந்து நிமிடம் ஒருவரின் ரயிலைத் தவறவிடும். நம் தமிழ் மாணவர் சங்கம் விழாவுக்கு மேடை போடுவதற்குத் தொண்டர் திரட்டுகிறது. மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள், கூடத்துக் கம்பிகளைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுவதற்கும் தொண்டர் திரட்டலாம். ஊழியரின் வேலையைப் பறிப்பதற்கன்று. அவர் தனியே செய்ய முடியாததற்குத் தோள் கொடுப்பதற்கு. அதற்கு முன், இந்த நான்கு கோரிக்கைகளையும் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

புகார் எழுதுவது தவறன்று. உரிமையை இழந்தவன் எழுதத்தான் வேண்டும். ஆனால் எழுதும் முன் ஒரு முறை கழித்துப் பார்க்க வேண்டும். நம் முன்னே கதவை மூடுகிறவர்தாம் மூடச் சொன்னவர் என்று எண்ணிவிடுவது எளிது. அவர் கண்ணுக்குத் தெரிகிறார், மற்றவர் தெரிவதில்லை. ஏழைக்கும் ஏழைக்கும் நடுவே இப்படிப் பகை மூட்டிவிட்டு, பலகையில் எழுதிய எண் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு நீங்கள் கூடத்துக்குப் போவீர்கள். திரை ஒளிர்ந்துகொண்டிருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், நாற்காலி வரிசையில் இருக்கும். அது ஒன்பது மணிக்குப் பிறந்ததென்று எண்ணாதீர்கள். எட்டரை மணிக்கே ஒருவர் வந்திருக்கிறார். அவருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். பிறகு, அந்த அரை மணிக்குக் கூலி உண்டா என்று கேளுங்கள். இல்லை என்பாரானால், அந்தப் பதிலோடு பொதுக்கூட்டத்துக்கு வாருங்கள்.